துரையின் கோட்டில் அப்பா

என் கல்யாண ஆல்பத்தில் அப்பா இல்லை. தாலி கட்டும் படத்தில் என் தோளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டைக் கை மட்டும் தெரிகிறது, அது அப்பாவுடையது. கோயில் படியில் எடுத்த குடும்பப் படத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது, அதுவும் அப்பாவுடையதுதான். என் பிள்ளைகள் சின்ன வயதில் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு "தாத்தா ஏடி?", தாத்தா எங்கே, என்று தெலுங்கில் கேட்பார்கள். தாத்தா அன்றைக்கு முழுக்க அங்கேதான் இருந்தார். பிரியாணி பத்தாது என்று சமையல்காரரோடு மல்லுக்கு நின்றார், மாப்பிள்ளை வீட்டாருக்கு விசிறி தேடி அலைந்தார். கேமரா தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் விலகிப் போனார். அது அம்மாவின் கட்டளை. அந்தக் கட்டளைக்குக் காரணம், அப்பா வேலை பார்த்த கடையின் சுவரில் தொங்கிய ஒரு படம்.

கடை என்று நாங்கள் சொன்னது ஒரு மது பாரைத்தான். செகந்திராபாத்தில், கன்டோன்மென்ட் பக்கம் திரும்பும் ஒரு தெருவில் ஓர் இத்தாலியர் அதை நடத்தினார். உலக யுத்தத்தில் கைதியாகி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர் அவர். விடுதலை கிடைத்ததும் ஊருக்குக் கப்பலேறாமல், இங்கே மாதா கோயிலில் இருந்த இத்தாலிச் சாமியார்களைத் தேடி வந்து அப்படியே தங்கிவிட்டார் என்று கேள்வி. அப்பா அவரைத் துரை என்பார், அதனால் எங்களுக்கும் அவர் துரை. சாமியார்கள் சிபாரிசு செய்துதான் அப்பா அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளைக் கோட்டு போட்டு, கழுத்தில் கறுப்பு 'போ' டை கட்டிக்கொண்டு, சலவைக்கல் மேடைக்குப் பின்னால் நின்று, பானங்களைக் கலந்து கொடுக்கிற வேலை.

அந்தக் கடையில் உட்கார நாற்காலி கிடையாது. வந்தவர்கள் நின்றபடியே ஒரு கிளாஸ், மிஞ்சிப் போனால் இரண்டு, குடித்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட வேண்டும். விளக்கு வைக்கும் நேரத்தில் திறந்து, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் துரை பூட்டிவிடுவார். பசி எடுப்பதற்காகக் குடிக்கிற இடம் இது, பசியை மறக்கக் குடிக்கிறவன் வேறு கடைக்குப் போகட்டும் என்பது அவர் கொள்கை. அல்வால் பக்கத்து ராணுவ அதிகாரிகள், மௌலா அலிப் பக்கம் புதிதாக முளைத்த ஃபாக்டரிகளின் இன்ஜினியர்கள், ரயில்வே பெரிய மனிதர்கள் எல்லாரும் அந்தக் கொள்கைக்குக் கட்டுப்பட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்று குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் குடித்தது பெரும்பாலும் 'சிவப்பு'. ஜின்னோடு துரை சொந்தமாக ஊறவைத்த ஒரு கசப்புச் சாற்றைக் கலந்து செய்வது. வெளிநாட்டுப் பாட்டில்கள் வராத காலம் அது. ஆரஞ்சுத் தோலும், மோண்டா மார்க்கெட் நாட்டு மருந்துக் கடை நிலவேம்பும், இன்னும் என்னென்னவோவும் அதில் போகும். கூடக் கடித்துக்கொள்ள ஆலிவ் காய் வேண்டுமாம், அது இங்கே ஏது? அம்மா உப்பில் ஊறவைத்த அரைநெல்லிக்காயை அப்பா ஒருநாள் துரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றிலிருந்து அம்மா மாதத்துக்கு ஒரு ஜாடி போட்டுத் தருவாள். குடிகாரர்கள் மனம் திரும்ப வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறவள், அதே கையால் அவர்களுக்கு நெல்லிக்காயும் ஊறவைத்தாள். அதைச் சொல்லி நாங்கள் கேலி செய்தால், நெல்லிக்காய் யாரையும் நரகத்துக்குக் கொண்டுபோகாது என்பாள்.

வம்பு ஆரம்பித்தது அம்மாவின் பிறந்த வீட்டில். அவளுடைய ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்போது அங்கே மதுவிலக்கு. சாராயக் கடையில் வேலை செய்கிற மாப்பிள்ளை என்று தெரிந்தால் கோயிலில் கூடப் பக்கத்தில் நிற்க மாட்டார்கள் என்று பயந்து, அப்பா 'இத்தாலியன் கம்பெனியில்' வேலை பார்ப்பதாக அம்மா சொல்லிவைத்திருந்தாள். பொய் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து, அப்பா அங்கே ஆபீசர் ஆகிவிட்டார். மாமா கல்யாணத்தின்போது, ஆபீசர் என்கிறீர்களே, கோட்டுப் போட்ட ஒரு படம்கூட நாங்கள் பார்த்ததில்லையே என்று பெண் வீட்டார் யாரோ கேட்டுவிட்டார்கள். அம்மாவுக்குத் தாங்கவில்லை. செகந்திராபாத் திரும்பியதும் அப்பாவைப் பிடுங்கி எடுத்து, துரையின் கோட்டையும் தொப்பியையும் இரவல் வாங்க வைத்து, பஜார் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனாள். நானும் கூடப் போனேன். அப்பா நல்ல சிவப்பு. மீசை அடர்த்தி. கோட்டு தோளில் கொஞ்சம் தொங்கினாலும், தொப்பியை லேசாகச் சாய்த்து அவர் நின்ற நிற்பில் ஸ்டூடியோக்காரரே எழுந்து நின்று பேசினார்.

இரண்டு பிரதி போட்டார்கள். ஒன்று திருநெல்வேலி போனது. இன்னொன்றை அப்பா நன்றிக்காகத் துரையிடம் கொடுத்தார். துரை விழுந்து விழுந்து சிரித்தாராம். கோட்டு என்னுடையது, அப்படியானால் கையெழுத்தும் என்னுடையதுதான் என்று சொல்லி, படத்தின் அடியில் தன் பெயரைச் சாய்வாக, பெரிதாக எழுதி, மேடைக்குக் கீழே இருந்த இழுப்பறையில் போட்டுக்கொண்டார். அவர் தன்னைப் படம் எடுக்க யாரையும் விட்டதில்லை. கைதி முகாமில் நெஞ்சில் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்து ஒரு முறை எடுத்தார்கள், அது ஆயுசுக்கும் போதும் என்பாராம்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் துரை கடையை விற்றார். முழங்கால் வலி தாங்கவில்லை, இத்தாலியில் தங்கை ஒருத்தி தனியாக இருந்தாள், அங்கே போய்ச் சேரலாம் என்று முடிவு. நான் அப்போது மௌலா அலிப் பக்கத்து ஃபாக்டரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். துரை லோத்குண்டாவிலிருந்த எங்கள் வீட்டுக்கே வந்து விடைபெற்றார். அம்மா கையால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்பாவைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். வாங்கியது பல ஊர்களில் ஓட்டல் நடத்தும் ஒரு பம்பாய்க் கம்பெனி. தரகர் மூலம் பேரம் முடிந்ததால் அவர்கள் யாரும் துரையை நேரில் பார்த்ததே இல்லை. "நான் சொன்ன பொய் பலிச்சிட்டு. இப்பம் நெசமாவே கம்பெனில்லா" என்றாள் அம்மா. அன்று எல்லோரும் சிரித்தோம்.

கம்பெனிக்காரர்கள் வந்து எதையும் மாற்ற மாட்டோம் என்றார்கள். இந்தக் கடையின் பழமைக்காகத்தான் வாங்கினோம் என்றார்கள். பிறகு நாற்காலிகள் வந்தன, அதன்பின் சோபாக்கள். சாப்பாட்டு நேரத்தில் பூட்டுகிற கடை நள்ளிரவு வரை திறந்திருந்தது. கசப்புச் சாறு ஊறும் பீங்கான் ஜாடிகளைச் சுகாதாரக் காரணம் சொல்லி அப்புறப்படுத்திவிட்டு, பம்பாயிலிருந்து சிவப்புச் சர்பத்தைப் பாட்டிலில் அனுப்பினார்கள். அம்மாவின் நெல்லிக்காய்க்குப் பதில் டப்பாவில் அடைத்த ஆலிவ் காய் வந்தது. பரிமாறுகிறவர்கள் மீசை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அப்பா மழித்துக்கொண்டு வந்து நின்றபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலுதடு வெளுத்து, முகமே சின்னதாகி, வேறு யாரோ போல இருந்தார். எனக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

புதுப்பித்த கடையைத் திறந்துவைக்கப் பம்பாயிலிருந்து பெரிய முதலாளியே வந்தார். அன்று ராத்திரி அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். கடையை ஆரம்பித்தவர் காலமாகிவிட்டார் என்ற நினைப்பில், அவருடைய படம் ஒன்று சுவரில் இருக்க வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டிருக்கிறார். மானேஜர் இழுப்பறைகளைக் குடைந்திருக்கிறார். கோட்டு, தொப்பி, வெள்ளைக்காரத் தோரணை, அடியில் இத்தாலியரின் கையெழுத்து. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, திரை விலக்கி, முதலாளியே தன் கையால் அதற்குச் சந்தன மாலை போட்டு, அடியில் ஒரு சின்னச் சிவப்பு பல்பை எரியவிட்டு, கைகூப்பி ஒரு நிமிஷம் மௌனமாக நின்றிருக்கிறார். தட்டைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்ற அப்பாவும் கூடவே மௌனமாக நின்றிருக்கிறார்.

அம்மா அவர் தட்டை எடுத்து மூடி வைத்தாள். பிறகு, "உசுரோட இருக்கிற ஆளுக்கா மால போட்டாவ?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளே சொல்லிவிடுவதாக அப்பா சத்தியம் செய்தார். சொல்லத்தான் போனார். மானேஜர் சின்னப் பையன், கல்யாணமாகி ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டதாம். முதலாளி கும்பிட்டது வேலைக்காரரின் படத்தை என்று தெரிந்தால் என் வேலை போய்விடும் அங்கிள், கொஞ்ச நாள் பொறுங்கள், சத்தமில்லாமல் நானே எடுத்துவிடுகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டான். அப்பா யாருடைய கண்ணீரையும் பார்க்க மாட்டாதவர். சரி என்று வந்துவிட்டார். அந்தப் பையன் படத்தை எடுப்பதற்குள் அவனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்த மானேஜருக்கு அது ஸ்தாபகர் படம், அவ்வளவுதான். மெனு அட்டையிலும் அந்த முகம் ஏறியிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பயம் குடியேறியது. வேறு வார்த்தையில் அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மாலை போட்ட படம் என்றால் அதிலிருப்பவர் போய்விட்டார் என்றுதான் நம்மில் யாரும் எடுத்துக்கொள்வார்கள். அதை எமனும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான் என்பது அம்மாவின் கணக்கு. கிறிஸ்தவ வேதக்காரிக்கு எமன் ஏது என்று நான் கேட்டால், பேர் எதுவானால் என்ன, வருகிறவன் வருவான் என்றாள். மத்தியானம் அப்பா சற்றே கண்ணயர்ந்தால், மூக்கருகில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். அவர் இருமினால் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். கிறிஸ்துமஸுக்கு வந்த மாமாவிடம் சொல்லி, திருநெல்வேலிக்குப் போன பிரதியையும் கொண்டுவரச் செய்து, என் கண் முன்னால் அடுப்பில் வைத்தாள். இனி அவருக்கு எந்தப் படமும் எடுக்கக் கூடாது, படம் இருந்தால்தானே மாலை போடுவார்கள் என்றாள். துரையின் தொப்பி முதலில் சுருண்டது, பிறகு அப்பாவின் முகம். 

அப்பாவையும் அது விடவில்லை. புதிதாக வந்த வாடிக்கையாளர்கள் படத்தைக் காட்டி, இந்த ஸ்தாபகரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பார்களாம். "ஹவ், நல்லாத் தெரியும்" என்று அப்பா சொல்வாராம்; 'ஹவ்' என்றால் இந்த ஊர்ப் பேச்சில் ஆமாம். ஆள் எப்படி என்று கேட்டால், நல்ல மனுஷன், பாவம் என்பாராம். இதை வீட்டில் ஒரு வேடிக்கை போலத்தான் சொல்வார். ஆனால் சொல்லச் சொல்ல அவர் மெலிந்தார். முடி கொட்டியது. பேச்சில் தன்னைப் பற்றிச் சொல்வதும் குறைந்துவிட்டது. கடைசியாக விளக்கணைத்துப் பூட்டும்போது அந்தச் சின்ன பல்பு மட்டும் எரியும், என் முகத்தை நானே பார்த்துவிட்டு வெளியே வருகிறேன் என்று ஒரு முறை சொன்னார். மீசையில்லாத, கன்னம் ஒட்டிய அந்த மனிதரையும் சுவரில் இருந்தவரையும் சேர்த்துப் பார்த்து, ஒரே ஆள் என்று சொல்ல இனி யாராலும் முடியாது. சுவரில் இருந்தவர்தான் அப்பா என்றும், வீட்டுக்கு வந்துபோகிறவர் அவருடைய ஆவி என்றும் எனக்கே சில சமயம் தோன்றிவிடும். அப்படித் தோன்றியதற்காக என்னை நானே திட்டிக்கொள்வேன்.

இந்த நிலையில்தான் என் கல்யாணம் நடந்தது. ஆல்பத்தின் கதை அதுதான்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் என்று நினைக்கிறேன். பிள்ளைப்பேற்றுக்காக அம்மா வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை தமிழ்ப் பூசைக்கு மூவரும் போயிருந்தோம். கடலோர ஆந்திராவிலிருந்து புதிதாக வந்திருந்த உதவிச் சாமியாருக்கு எங்கள் கூட்டத்தில் யாரையும் இன்னும் சரியாகத் தெரியாது. பூசை தொடங்கும் முன், இன்றைய பூசை யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று வாசிப்பார்கள் அல்லவா, அதை வாசித்தார். அப்பாவின் பெயர் வந்தது. ஞானஸ்நானப் பெயரோடு முழுப் பெயர். அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக என்றார். இறந்தவர்களுக்கு மட்டும் சொல்வது அது.

ஆண்கள் பக்கத்தில் நாலைந்து தலைகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தன. அம்மாவின் கை என் மணிக்கட்டில் இறுகியது. வளையல் உடைந்துவிடும் போலிருந்தது. அப்பா என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். எழுந்து ஆட்சேபிக்கவில்லை, வெளியேயும் போகவில்லை. முழங்காலில் நின்று, கண்ணை மூடி, மற்றவர்களோடு சேர்ந்து தன் ஆன்மாவுக்காகவே வேண்டிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் சாமியாரைப் பிடித்தோம். வெள்ளிக்கிழமை ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்தாராம். இரண்டு கையிலும் ஊன்றுகோல். யாத்திரைக் கூட்டத்தோடு கோவாவுக்குப் போகிறவர், வழியில் இந்த ஊரில் ஒரு பகல் மட்டும் இறங்கினாராம். என்னோடு இத்தனை வருஷம் நின்றவன் செத்துப்போய்விட்டான், மாலை போட்ட படத்தை என் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன், அவனுக்கு ஒரு பூசை வையுங்கள் என்று கேட்டு, அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதாராம். பிறகு, அந்த வீட்டுக்குப் போய் விதவையின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை என்று சொல்லி, ரயிலுக்குப் போய்விட்டார். விலாசம் ஒன்றும் கொடுக்கவில்லை.

கடையில் நடந்ததைப் பிறகு அப்பா விசாரித்துத் தெரிந்துகொண்டார். துரை வந்தது பட்டப்பகலில், கடை திறப்பதற்கு முன்னால். பெருக்கிக்கொண்டிருந்த புது வெயிட்டர் அவரை உள்ளே விட்டிருக்கிறான். துரை சோபாக்களைப் பார்த்தார், ஜாடிகள் இருந்த இடத்தைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். இவர்? என்று கையைக் காட்டிக் கேட்டிருக்கிறார். யார் கேட்டாலும் சொல்லும்படி கற்றுக்கொடுத்த ஆங்கிலத்தை வெயிட்டர் சொல்லியிருக்கிறான்: "எக்ஸ்பயர்ட், சார்." வந்தவர்தான் ஸ்தாபகர் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஸ்தாபகர்தான் சுவரில் இருந்தாரே.

அப்பாவை அன்று உலுக்கியது தன் பெயரில் நடந்த பூசை இல்லை. "தொர எனக்காவ அழுதாராம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் செத்துப்போனதாகவே நினைத்துக்கொண்டு அவர் ஊர் போய்ச் சேருவார், இனி அவரிடம் போய் இல்லை என்று யார் சொல்வது என்றார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அம்மா அழவில்லை. மாலை போட்டாயிற்று, பூசையும் வைத்தாயிற்று, இனி பாக்கி இருப்பது குழி ஒன்றுதான், அதையும் தோண்டும்வரை நான் சும்மா இருக்கவா என்றாள். திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா வேலைக்குப் போன பிறகு, கோயிலுக்குக் கட்டும் வெள்ளைப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, "ஏட்டி, கிளம்பு" என்றாள். நிறைமாத வயிற்றோடு நானும் ஆட்டோவில் ஏறினேன். அத்தனை வருஷத்தில் அம்மா அந்தக் கடையின் வாசலைத் தாண்டியதில்லை. அவளுடைய நெல்லிக்காய்தான் தாண்டியிருக்கிறது.

உள்ளே அப்பா மேடைக்குப் பின்னால் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. கம்பெனி போட்ட நாற்காலி ஒன்றைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். மாலையைக் கழற்றினாள். முந்தானையால் படத்தின் கண்ணாடியை, அப்பாவுக்குப் பேதி கண்டபோது முகம் துடைத்துவிட்ட மாதிரி, நெற்றியிலிருந்து கீழே துடைத்தாள். பிறகு இறங்கி, மாலையை முந்தானையில் சுருட்டிக்கொண்டாள்.

மானேஜர் ஓடிவந்தார். டெல்லிப் பக்கத்து ஆள். யார் இந்த அம்மாள், ஸ்தாபகருக்கு என்ன உறவு என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அவர் கண்ணில் ஓடியது எனக்குப் புரிந்தது. அந்த இத்தாலியர் இங்கே ரகசியமாக ஒரு குடும்பம் வைத்திருந்து, அது இப்போது கடைக்கு உரிமை கேட்டு வந்திருக்கிறதோ என்ற கிலி. எனக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா மேடையைச் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் நின்றார்.

இவள் என் மனைவி என்றார். மாலையை ஏன் எடுத்தாள் என்று மானேஜர் கேட்டார். அப்பா திரும்பிப் படத்தைப் பார்த்தார். சொல்லிவிடுவார், அது நான்தான் என்று இப்போது சொல்லிவிடுவார் என்று நான் காத்து நின்றேன்.

"ஓ ஆத்மி மரா நை, சாப்" என்றார் அப்பா, தன்னுடைய உடைந்த ஹைதராபாத் இந்தியில். "ஜிந்தா ஹை." அந்த ஆள் சாகவில்லை, உயிரோடு இருக்கிறார் என்று.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மானேஜர் கேட்டார். வெள்ளிக்கிழமை துரை நேரில் வந்துபோனதை அப்பா சொன்னார். பெருக்குகிற வெயிட்டரைக் கூப்பிட்டு, வெள்ளைக்காரர் வந்தது உண்மைதான் என்று சொல்லவைத்தார். மானேஜரின் முகம் மாறியது. உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை போடுவது அவர் ஊரிலும் அபசகுனம்தான் போலிருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு, பல்பையும் அணைக்கச் சொன்னார். படம் மட்டும் அங்கேயே இருந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அன்று ராத்திரி அப்பா வந்ததும் அவரிடம் சண்டையே போட்டேன். ஏன் சொல்லவில்லை, ஒரே ஒரு வார்த்தை, அது நான்தான் என்று சொல்ல என்ன கேடு என்றேன்.

"சொன்னா படத்த எடுத்துருவாவம்மா" என்றார். "நான் ஆருன்னு அவியளுக்கு? அந்தக் கடையில தொர இருந்தாருன்னு சொல்ல இப்பம் வேற என்ன மிச்சம் இருக்கு? மூஞ்சி என்னதா இருந்துட்டுப் போட்டும். கையெழுத்து அவருதுல்லா."

  அம்மா அடுப்படியிலிருந்து, மாலை இறங்கிவிட்டது, அது போதும் என்றாள். அடுத்த வாரமே நெல்லிக்காய் வாங்கி ஒரு ஜாடி போட்டாள். கடைக்கு அனுப்ப இல்லை, வீட்டுக்கு.

அப்பா அதற்கப்புறம் நன்றாகத்தான் இருந்தார். ஓய்வு பெற்றதும் மீசையைத் திரும்ப வளர்த்தார், அது முழுக்க வெள்ளையாக வந்தது. என் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிச் சுமந்தார். இருந்தும் கேமராவைக் கண்டால் ஒதுங்குகிற பழக்கம் போகவில்லை, அம்மாவும் அந்தக் கட்டளையைக் கடைசிவரை தளர்த்தவில்லை. எண்பதுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்தில், மார்பு வலி என்று படுத்தவர் மறுநாள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்கள். வழக்கமாகப் படம் வைத்து மெழுகுவத்தி ஏற்றும் இடத்தில் சிலுவையில் அறைந்த இயேசுவின் பாடுபட்ட சுரூபம் மட்டும் இருந்தது. வீடு முழுக்கத் தேடினேன். அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தில் எப்போதோ ஈரம் இறங்கி, அப்பாவின் முகம் இருந்த இடம் பழுப்புக் கறையாகிவிட்டது. என் ஆல்பத்தில் ஒரு கை. அவ்வளவுதான் இருந்தது. நாற்பது வருஷம் ஓர் ஊரில் வாழ்ந்த மனிதரின் முகம் எங்கள் வீட்டில் எங்குமே இல்லை. அவரைச் சாவிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று அம்மா எங்களிடமிருந்தே அழித்துவிட்டாள் என்று மனசுக்குள் அவள் மீது கோபப்பட்டேன். அம்மா மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் பூசை முடிந்த காலை, அவள் தன் தகரப் பெட்டியைத் திறந்தாள். அடியிலிருந்து பழைய தினசரித் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தபோது வாசனை இன்னும் லேசாக இருந்தது. அன்றைக்குக் கடைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த அதே சந்தன மாலை. அதை அவள் என்றைக்கோ எரித்திருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இப்பம் போட்டுட்டு வா" என்றாள்.

நான் தனியாகத்தான் போனேன். சாயங்காலம், கடையைத் திறந்த நேரம், கூட்டமில்லை. அப்பாவைத் தெரிந்தவர்கள் ஒருவரும் அங்கே மிச்சமில்லை. படம் அதே இடத்தில் இருந்தது, கண்ணாடிக்குள் கொஞ்சம் மஞ்சளித்து. தொப்பியை லேசாகச் சாய்த்துக்கொண்டு, தொங்குகிற கோட்டில், எனக்கு இப்போது இருக்கிற வயதைவிடச் சின்ன வயதில் அப்பா நின்றார். மாலை போட வந்திருக்கிறேன் என்று புது மானேஜரிடம் சொன்னேன். ஸ்தாபகருக்கு மரியாதை செய்ய யாரோ பழைய வாடிக்கையாளர் வீட்டிலிருந்து வந்திருப்பதாக நினைத்து அவர் மிகவும் மகிழ்ந்துபோனார். அவரே நாற்காலி கொண்டுவந்து போட்டு, நான் ஏறும்போது பிடித்துக்கொண்டார். இரண்டு வெயிட்டர்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, கைகட்டி நின்றார்கள்.

மாலையைப் போட்டுவிட்டு, முந்தானையால் கண்ணாடியை ஒரு முறை துடைத்துவிட்டு இறங்கினேன். இவரை உங்களுக்குத் தெரியுமா மேடம் என்று மானேஜர் கேட்டார்.

"ஹவ்" என்றேன். "நல்லாத் தெரியும்."